அக்காவின் வலது கை



உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. நடுச்சாமத்தில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டா? எழுந்து உட்கார்ந்து, ஈரத் துணியை உதறுவதுபோலக் கையை நாலு உதறு உதறிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்களா? காலையில் விசாரித்தால், "ஒண்ணுமில்ல, கையை அமுக்கிப் படுத்துட்டேன்" என்று சொல்லி மழுப்பிவிடுகிறார்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

நான் ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனால், சிங்கப்பூரில் இருக்கும் என் மூத்த அக்காவின் வலது கையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது கூடவே இருந்தேன். செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்று வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற நாள்களிலும் இருந்தேன். அப்போது பார்த்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கும் சகோதரர்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம்.

பூக்கட்டும் கை

அக்கா திருமணமாகிச் சிங்கப்பூருக்குப் போய் 28 ஆண்டுகள் ஆகின்றன. அத்தான் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகள் தலையெடுத்தபின் அக்கா தேக்காவில் ஒரு பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் போட்டிருக்கும் இடத்தை நம்மவர்கள் தேக்கா என்றுதான் சொல்வார்கள். சிராங்கூன் ரோடும் அதன் கிளைத் தெருக்களும் அடங்கிய பகுதி அது. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம். அதனால்தான் அங்கே ஒரு தெருவுக்கு இன்றைக்கும் பஃபலோ ரோடு என்று பெயர். இப்போது மாடுகள் இல்லை. மல்லிகையும் கறிவேப்பிலையும் வாழையிலையும்தான்.

பூக்கட்டுவது எளிய வேலை என்று நாம் நினைப்போம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இடது கை விரல்களில் மொட்டுகளை அடுக்கிப் பிடித்து, வலது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நூலைச் சுற்றி, மணிக்கட்டைத் திருப்பி முடிச்சை இறுக்க வேண்டும். ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் எத்தனை முடிச்சு! வெள்ளிக்கிழமை வந்தால் கோயில் கூட்டம். தீமிதி, தீபாவளி, தைப்பூசம் என்றால் விடிய விடிய மாலைக்கட்டு. அக்காவுக்கு நாள் சம்பளம். கை ஓடினால்தான் காசு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதலில் இரவில்தான் தொந்தரவு தொடங்கியது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். உதறினால் சரியாகிவிடும். சில மாதங்களில் பகலிலும் வந்தது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றால் மரக்கும். தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசினால் மரக்கும். பிறகு கத்தரிக்கோல் நழுவியது. காப்பிக் கிளாஸ் விழுந்து உடைந்தது. கடைசியில் ஒருநாள் தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்: "பாப்பா, மொட்டு விரல்ல இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. கண்ணால பாத்துத்தான் கட்டுறேன்."

இதற்கிடையில் கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓர் எண்ணெய் கொடுத்தார்கள். கடைக்குப் பூ கொண்டுவருகிறவர் ஒரு தைலம் சொன்னார். வெந்நீர் ஒத்தடம், வலிப் பிளாஸ்திரி, சுளுக்கு எடுப்பது எல்லாம் நடந்தன. தடவிய நேரத்துக்கு இதமாக இருக்கும். இரவு இரண்டு மணிக்குப் பழைய கதைதான்.

மணிக்கட்டுக்குள் ஒரு குகை

பலதுறை மருந்தகத்தில் முதலில் காட்டி, அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் கைப்பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பள்ளி விடுமுறையாக இருந்ததால் நானும் கூடப் போனேன். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. நோயின் பெயரைக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்றார். அங்கிருந்த தமிழ்த் தாதி அதை அக்காவுக்கு விளக்கிச் சொன்ன அழகை நான் மறக்க மாட்டேன். அதையே என் மொழியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

தோட்டத்துச் சாலைக்கு அடியில் மழைத் தண்ணீர் போவதற்குச் சிமெண்டுக் குழாய் புதைத்திருப்பார்கள் அல்லவா? நம் மணிக்கட்டிலும் அதுபோல் ஒரு குழாய் உண்டு. மூன்று பக்கமும் எலும்பு; மேலே உள்ளங்கைப் பக்கம் ஒரு தடித்த நார்ப்பட்டை. அந்தக் குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் போகின்றன. ஒன்பது கயிறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு ஒரு நரம்பும் போகிறது. கயிறுகளைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் குழாய்க்குள் நெருக்கடி. எலும்பும் விட்டுக்கொடுக்காது, நார்ப்பட்டையும் விட்டுக்கொடுக்காது. உள்ளே இருப்பவற்றில் மென்மையானது நரம்புதான், அதுதான் நசுங்கும்.

அந்த நரம்பு பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும், மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு. அது இந்தக் குகை வழியாக வருவதில்லை. ஆகவே சுண்டுவிரல் நன்றாக இருந்து மற்ற விரல்கள் மரத்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். பெருவிரலின் அடியில் திரண்டிருக்கும் சதைக்கும் இதே நரம்புதான் வேலை கொடுக்கிறது. நெருக்கடி நெடுநாள் நீடித்தால் அந்தச் சதை வற்றிப் பள்ளம் விழும். பிறகு பொத்தான் போடவும் ஊசி பிடிக்கவும் பூட்டில் சாவியைத் திருப்பவும் முடியாமல் போகும்.

தூக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம். மடக்கினால் குகை இன்னும் இறுகும். இரவில் தொந்தரவு கூடுவதற்கு அது ஒரு காரணம்.

இது புது நோய் அல்ல. மணிக்கட்டில் இந்த நரம்பு நசுங்குவதை ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1854இலேயே எழுதி வைத்திருக்கிறார். நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவிக்கும் சிகிச்சையை ஜேம்ஸ் லேர்மந்த் என்பவர் 1933இல் எழுதினார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபேலன் என்ற மருத்துவர் 1950க்குப் பின் இதை எல்லா மருத்துவர்களும் அறியும்படி செய்தார். அவர் பெயரில் ஒரு சோதனை இன்றும் இருக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது. அக்காவுக்கு இருபது வினாடிகூடத் தாங்கவில்லை.

அடுத்து நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை. சின்னச் சின்ன மின்சாரத் துடிப்பு கொடுத்து, மணிக்கட்டைத் தாண்டும்போது செய்தி எவ்வளவு தாமதப்படுகிறது என்று பார்க்கிறார்கள். "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றாள் அக்கா. முடிவு: வலது கை கடுமை, இடது கை இலேசு. இரத்தத்தையும் சோதித்தார்கள். அதில் சர்க்கரை கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது. நீரிழிவு, தைராய்டுக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பகாலம் இவையெல்லாம் இந்த நோய்க்கு வழிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பலங்கொண்டு இறுகப் பிடித்து, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும், அதிரும் இயந்திரங்களைப் பிடிக்கும் வேலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்று வழிகள்

மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். முதலாவது, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. நோய் இலேசாக இருப்பவர்களுக்குச் சில வாரங்கள் கட்டிப் படுத்தாலே நல்ல குணம் தெரியும். இரண்டாவது, மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. வீக்கத்தைக் குறைக்கும், பலருக்குச் சில மாதங்கள் நிம்மதி. ஆனால் தொந்தரவு திரும்பி வருவதும் உண்டு. மூன்றாவது, அறுவைச் சிகிச்சை. நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் குகை விரிந்து நரம்புக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அக்காவின் பெருவிரல் அடிச்சதை ஏற்கெனவே சற்று வற்றியிருந்தது. பட்டையையும் ஊசியையும் நம்பி நாளைக் கடத்தும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் மருத்துவர். நாளைக்கே செய்ய வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளினால் போன சதை திரும்பாது என்றும் எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்தோம். அன்று இரவு அந்த அடுக்குமாடி வீட்டில் நடந்த வாக்குவாதம் இருக்கிறதே!

"நரம்பு விஷயம். கத்தி வைக்க விடக்கூடாது" என்றார் அத்தான். அவரோடு வேலை பார்த்த ஒருவர் செய்துகொண்டு, மூன்று மாதம் கையில் பிடிமானமே இல்லாமல் திண்டாடினாராம்.

"தீபாவளி வருது. மாலைக்கு இப்பவே ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. இப்போ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா கடைக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, மனத்தில் இருந்ததைச் சொன்னாள்: "கத்தி பட்ட கையால சாமிக்குப் பூக் கட்டலாமான்னு வேற இருக்கு."

நான் பள்ளிக்கூடத்து வழக்கப்படி ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் செய்துகொண்டால் என்ன, மறுபக்கம் செய்யாவிட்டால் என்ன என்று எழுதினோம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதினோம். அடுத்த முறை போனபோது ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

தானாகச் சரியாகுமா? இந்தக் கட்டத்தில் நம்ப முடியாது. சிகிச்சையில் ஆபத்து என்ன? காயத்தில் கிருமி பிடிக்கலாம். தழும்பு சில மாதம் வலிக்கலாம். நரம்பு காயப்படுவது மிக அரிது. மரப்பு முழுவதும் போகாமலும் இருக்கலாம். பிடிமானம்? உண்மைதான், சில மாதங்களுக்குக் குறையும். பெரும்பாலோருக்குப் படிப்படியாகத் திரும்பும். அத்தானின் நண்பர் சொன்னது பொய் அல்ல. அவர் முதல் மூன்று மாதத்தைத்தான் சொன்னார். செலவு? அக்கா சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவள். அரசாங்க உதவித் தொகை போக, மீதியில் பெரும்பகுதியை மெடிசேவ் கணக்கிலிருந்து கட்டலாம். 1984இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சம்பளத்தில் ஒரு பங்கு மருத்துவச் செலவுக்கென்றே சேர்ந்து வருகிறது.

இத்தனை கேட்டும் அக்கா வாய் திறக்கவில்லை. முடிவு வந்தது வேறிடத்திலிருந்து.

அம்மா காட்டிய கை

எங்கள் அம்மா 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். ஒரு நாளைக்கு 400, 500 மரம். ஒரு மரத்துக்கு 15 முறை உளியை இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், 500 மரத்துக்கு 7,500 முறை மணிக்கட்டு திரும்ப வேண்டும். இது ஒரு நாள் கணக்கு. வீட்டுக்கு வந்து துணி பிழிவதும் அம்மி அரைப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா இரவில் கையை உதறுவார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். தோட்டத்தில் அநேகம் பேர் அப்படித்தான். வாதம் என்பார்கள், பனிக்குளிர் என்பார்கள், இரத்தம் ஓடவில்லை என்பார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியம் உண்டு என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

அன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பியிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தம் வலது கையை விரித்துக் காட்டினார். பெருவிரலின் அடியில் சதையே இல்லை. கரண்டியால் வழித்து எடுத்ததுபோல் பள்ளம். சேலைக்கு ஊக்குக் குத்தக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டிய கை அது.

"எனக்கு அன்னைக்கு சொல்ல ஆளு இல்ல. ஒனக்கு சொல்லிட்டாங்க. இன்னும் என்ன யோசனை?" என்றார். பிறகு, "சாமிக்குப் பூக் கட்டணும்னா கை இருக்கணுமில்ல?" என்றார்.

அவ்வளவுதான். அத்தான் எழுந்து வெளியே தாழ்வாரத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "தீபாவளி முடிஞ்ச மறுவாரம் தேதி கேளு" என்றார்.

இருபது நிமிடம்

அறுவைச் சிகிச்சை என்றதும் மயக்க மருந்து, மருத்துவமனைக் கட்டில், பத்து நாள் படுக்கை என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிட்டாள். கைக்கு மட்டும் மரப்பு ஊசி. அக்கா விழித்தபடியே படுத்திருந்தாள். ஊசி போடும்போது சுருக்கென்று இருந்ததாம். அதற்குப்பின் தொடுவது தெரிந்ததே தவிர வலி தெரியவில்லையாம். உள்ளங்கையின் அடிப்பகுதியில் சின்னதாகக் கீறி, நார்ப்பட்டையை வெட்டி, தையல் போட்டு முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. சிறு துளை போட்டுக் குழாய்க் கருவியால் பார்த்துச் செய்யும் முறையும் உண்டு. அக்காவுக்குச் செய்தது திறந்து செய்யும் பழைய முறை. நாளடைவில் இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்கள்.

அன்று இரவு அவள் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். மூன்று மணி இருக்கும். தோளைப் பிடித்து உலுக்கினாள். வலி தாங்கவில்லையோ என்று பதறி எழுந்தேன். இருட்டில் அவள் சிரிப்பது தெரிந்தது. "மரக்கலடீ! பழக்கத்துல முழிச்சேன், கை மரக்கவே இல்ல!"

எல்லாருக்கும் முதல் இரவிலேயே இப்படி ஆகும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இரவு மரப்புத்தான் சீக்கிரம் போகும் என்று தாதியும் சொல்லியிருந்தார்.

தேறிவந்த நாள்கள்

மறுநாள் மரப்பு மருந்து இறங்கியதும் வலி தெரிந்தது. கையைத் தொங்கவிடாமல் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். காயம் நனையக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் வளையம் போட்டோம். கையைக் கட்டிவிட்டார்கள் என்பதற்காக விரல்களைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. முதல் நாளே நீட்டவும் மடக்கவும் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தசைநாண்கள் ஒட்டிக்கொள்ளும்.

நம் பழக்கத்துக்குப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சாப்பாடு! இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட அக்காவுக்குக் கூச்சம். கோயிலுக்குப் போனாலும் திருநீறு வாங்க இடது கையை எப்படி நீட்டுவது? கட்டுப் போட்ட கையையே தயங்கித் தயங்கி நீட்டினாள். குருக்கள் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தாமே அவள் நெற்றியில் பூசிவிட்டார்.

12ஆம் நாள் தையல் பிரித்தார்கள். சாதாரணமாகப் பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் பிரிப்பது வழக்கம். அதன்பின் கைப்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார்கள். விரல்களை நேராக நீட்டுவது, கொக்கிபோல் மடக்குவது, முழுதாக முட்டி பிடிப்பது, பெருவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவது என்பவைதான் பயிற்சிகள். காயம் நன்றாக மூடியபின் தழும்பைக் களிம்பு போட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். தழும்பு எதைத் தொட்டாலும் கூசுகிறது என்றதும், ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருக்கச் சொன்னார் அந்தப் பெண். "பச்சைப்புள்ள வெளையாட்டா இருக்கே" என்று அக்கா சிரித்தாள். ஆனால் அது நல்ல பயிற்சி, செலவும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அவள் அழுதாள். ஈரத் துணியைப் பிழியப் போய், உள்ளங்கையின் இரண்டு ஓரமும் உயிர்போகிறதுபோல் வலித்ததாம். மேசையில் கையை ஊன்றினாலும் அப்படித்தான். "ஏன்டா செஞ்சோம்னு இருக்கு" என்றாள். நார்ப்பட்டையை வெட்டியபின் அதன் இரு பக்கத்திலும் இப்படி ஒரு வலி வருவது சகஜம். இரண்டு மூன்று மாதத்தில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் நாங்கள் பயப்படாமல் இருந்தோம். ஆகவே வாசகர்களே, இந்தச் சிகிச்சை செய்துகொள்பவர்களிடம் முதல் இரவின் மகிழ்ச்சியை மட்டும் சொல்லாதீர்கள். மூன்றாம் வாரத்து அழுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் விடுமுறை முடிந்தது. அக்காவுக்குச் சடை பின்ன ஆளில்லையே என்று கவலையோடு பேருந்து ஏறினேன். இரண்டு நாள் கழித்துக் கைப்பேசியில் பார்த்தால், அக்காவின் தலை கோணல்மாணலாகப் பின்னப்பட்டிருந்தது. கத்தி வேண்டாம் என்று சொன்ன அதே அத்தானின் கைவேலை!

ஆறாம் வாரம் அக்கா கடைக்குப் போய்க் கல்லாவில் மட்டும் உட்கார்ந்தாள். பத்தாம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரம் கட்டினாள். பங்குனி உத்திரத்துக்குப் பழையபடி மாலை கட்டினாள். ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டாள். தரையில் குனிந்து உட்காராமல், முழங்கை உயரத்துக்கு மேசை. மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு. சர்க்கரைக்கும் மாத்திரையும் நடையும்.

எல்லாம் நூற்றுக்கு நூறு ஆகிவிட்டதா என்றால், இல்லை. நடுவிரல் நுனியில் இன்னும் சிறிது மரப்பு இருக்கிறது. அழிந்த நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாள். கிட்டத்தட்ட ஆறு மாதம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் மெதுவாக இருக்கலாம். வற்றிய சதை பாதிதான் திரும்பியிருக்கிறது. ஆனால் இரவு முழுக்கத் தூங்குகிறாள். மொட்டு விரலில் இருப்பது தெரிகிறது. இதற்குமேல் என்ன வேண்டும் என்கிறாள்.

தையல் பிரித்த வாரத்தில் நாங்கள் இருவரும் சிங்கப்பூர்ப் பூமலைக்குப் போயிருந்தோம். தாவரவியல் பூங்காவை நம்மவர்கள் பூமலை என்றுதான் சொல்வார்கள். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தது அங்கேதான். 1888இல் அதன் தலைவராக வந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவித் தினம் தினம் பால் எடுக்கும் முறையை அங்கேதான் கண்டுபிடித்தார். நம் முன்னோர்கள் கப்பலேறி வந்ததற்கும், நம் தாய்மார்கள் உளி பிடித்ததற்கும் அங்கே ஒரு வேர் இருக்கிறது. "மரத்துக்குக் காயம் படக்கூடாதுன்னு எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாரு" என்றாள் அக்கா. வெட்டுகிற கையைப் பற்றி நாமாவது யோசிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

நம் வீட்டுக் கைகளுக்காக

முடிவாகச் சில வார்த்தைகள். விரல் மரப்பதெல்லாம் இந்த நோய் அல்ல. கழுத்து நரம்பு நசுங்கினாலும், நீரிழிவு முற்றினாலும் கை மரக்கும். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் நாட்டில் அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம்; சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். கையை முறுக்கி இழுக்கும் சுளுக்கு வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

நோய் இலேசாக இருந்தால் கத்திக்கு வேலையில்லை. எனக்கும் தேர்வுத்தாள் திருத்தும் காலத்தில் விரல்கள் மரத்தன. ஆறு வாரம் இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டிப் படுத்தேன், சரியாகிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு வரும் மரப்பும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகக் குறைந்துவிடும். ஆனால் பெருவிரல் பலமிழந்தாலும், அதன் அடிச்சதை வற்றினாலும், மரப்பு இரவு பகல் விடாமல் இருந்தாலும் நாளைக் கடத்தாதீர்கள்.

வேலைக்காட்டில் உளியும் அரிவாளும் கூராக இருக்கட்டும். மழுங்கிய ஆயுதத்துக்குக் கை இரண்டு பங்கு பலம் கொடுக்க வேண்டியிருக்கும். புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பவர்கள் இடையிடையே கைக்கு ஓய்வு கொடுங்கள். இரவில் கை மரத்தால் மருத்துவரிடம் உங்கள் வேலை என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மரம், எத்தனை குலை என்பதையும் சொல்லுங்கள். வேலையினால் வந்த நோய் என்று அவர் கருதி எழுதிக் கொடுத்தால் சொக்சோவுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று மாலை அம்மாவையும் பாட்டியையும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெருவிரலின் அடியில் உள்ள மேடு இரண்டு கையிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் எந்த விரல் மரக்கிறது, சுண்டுவிரலும் சேர்ந்து மரக்கிறதா என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.